மஞ்சள் இலையை அவசரப்பட்டுக் கிள்ளாதீர்கள்!

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கவலை இது. செம்பருத்தியில் அடிப்பக்கம் ஓர் இலை மஞ்சளாகியிருக்கும். நேற்று ஒன்று, இன்று இரண்டு. உடனே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். வைத்தியம் வரிசையாக வந்து விழும். "தண்ணி பத்தல." "இல்ல, தண்ணி ஜாஸ்தி." "முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடு." "எப்சம் சால்ட் வாங்கு." வீட்டில் இருக்கும் மாமியார் மட்டும், "பழுத்த இலை உதிரத்தானே செய்யும், விடு" என்பார்.

பல நேரங்களில் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால், பழுத்த இலை சும்மா உதிர்வதில்லை. மஞ்சளாகத் தொடங்கிய நாளிலிருந்து கீழே விழும் நாள் வரை அதற்குள் மும்முரமாக வேலை நடக்கிறது. வேலைக்கு உத்தரவு போடுவதும் செடி, பலனை அனுபவிப்பதும் செடி. அந்த வேலை ஒழுங்காக நடப்பதால்தான் நம் தட்டில் விழும் சோற்றிலும் சப்பாத்தியிலும் கொஞ்சமாவது புரதம் இருக்கிறது.

இடிப்பதல்ல, பிரிப்பது!

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? புல்டோசர் கொண்டுவந்து ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டார்கள். முதலில் கரன்ட் இணைப்பைத் துண்டிப்பார்கள். பிறகு கதவு, நிலை, ஜன்னல், தேக்குத் தூண், உத்திரம், ஓடு என்று ஒவ்வொன்றாக நோகாமல் கழற்றுவார்கள். எல்லாம் வேறு ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும். கடைசியில் மிஞ்சுவது வெறும் சுவர்.

இலையும் அப்படித்தான் பிரிக்கப்படுகிறது. இலையில் இருக்கும் விலை உயர்ந்த பொருள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வேர் மண்ணிலிருந்து அரும்பாடுபட்டு உறிஞ்சி அனுப்பியது அது. இலையில் உள்ள மொத்த தழைச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்களுக்குள் இருக்கிறது. அதிலும் கணிசமான பகுதி ரூபிஸ்கோ என்கிற ஒரே ஒரு புரதத்தில் முடங்கிக் கிடக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் புரதம் இது. இலைக்கு வயதானதும் செடி இதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, இலைக்காம்பு வழியாகத் தண்டுக்கும், புதுத் தளிருக்கும், விதைக்கும் அனுப்பிவிடுகிறது. விழுகிற இலையிலிருந்து சுமார் பாதித் தழைச்சத்தை, சில செடிகளில் அதற்கும் மேல், இப்படி மீட்டுக்கொள்கின்றன.

சரி, ஏன் முதலில் பச்சை நிறம் போகிறது? அதுதான் கரன்ட் இணைப்பு. பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துச் சக்தியாக மாற்றும் பொருள். சுற்றியிருக்கும் புரதங்களைக் கழற்றிவிட்டுப் பச்சையத்தை மட்டும் அம்போவென்று விட்டால், அது பிடிக்கும் வெளிச்சத்துக்குப் போக்கிடம் இருக்காது. அந்தச் சக்தி ஆக்சிஜன் மீது பாய்ந்து, செல்லையே பொசுக்கிவிடும். பிரிக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் பச்சையத்தைச் செயலிழக்கச் செய்வது அவசர வேலையாகிறது.

இவ்வளவு பச்சையம் எங்கே போய் மறைகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 1991-ல் பெர்னார்டு கிராய்ட்லர், பிலிப் மாட்டில் குழுவினர் பார்லி இலையிலிருந்து அதன் மிச்சத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நிறமே இல்லை! செடி பச்சையத்தை உடைத்து, நிறமற்ற, ஆபத்தில்லாத பொருளாக்கி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் போட்டு மூடிவிடுகிறது. பச்சையத்தில் உள்ள கொஞ்சநஞ்ச தழைச்சத்தைச் செடி திரும்பக் கேட்பதுகூட இல்லை.

இந்த வேலை நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. காய்ந்த பட்டாணியில் மஞ்சளும் உண்டு, பச்சையும் உண்டு (சாயம் ஏற்றாத பச்சையைச் சொல்கிறேன்!). 1866-ல் வெளியான தன் புகழ்பெற்ற ஆய்வில் மெண்டல் எடுத்துக்கொண்ட ஏழு குணங்களில் இந்த மஞ்சள், பச்சையும் ஒன்று. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பாடம்தான். அந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணு எதுவென்று 2007-ல் தெரியவந்தது. பச்சையத்தை உடைக்கத் தேவையான மரபணு அது. அது பழுதான பட்டாணி, முற்றிக் காய்ந்த பிறகும் பச்சையாகவே இருக்கிறது. மெண்டல் தனக்கே தெரியாமல் முதுமையைப் பற்றித்தான் ஆராய்ந்திருக்கிறார்.

பச்சை விலகியதும் தெரியும் மஞ்சள், புதிதாக வந்ததல்ல. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் வகையைச் சேர்ந்த கரோட்டினாய்டுகள் முதலிலிருந்தே இலைக்குள் இருந்தவை. சிவப்பு அப்படியில்லை. தெருவோரத்து நாட்டு வாதாம் மரம் இலை உதிர்க்கும் முன் ரத்தச் சிவப்பாகும், பார்த்திருப்பீர்கள். அந்த ஆந்தோசயனின் நிறமி அப்போதுதான் புதிதாகத் தயாராகிறது. சாகப்போகிற இலை எதற்கு இவ்வளவு செலவு செய்து சாயம் பூசிக்கொள்ள வேண்டும்? பிரிக்கும் வேலை முடியும்வரை வெயிலை மறைக்கும் திரை அது என்கிறார்கள் ஒரு சாரார். பூச்சிகளுக்கான எச்சரிக்கைப் பலகை என்பது இன்னொரு சாராரின் வாதம். எனக்குத் திரைதான் சரியாகப் படுகிறது.

பிரித்து முடிக்கும்வரை மேஸ்திரி உயிரோடு இருக்க வேண்டுமே! மரபணுக்கள் இருக்கும் உட்கருவும், செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிட்டத்தட்டக் கடைசிவரை வேலை செய்கின்றன. எல்லாச் சத்தும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை கண்ணை மூடுகின்றன.

உத்தரவு போடுவது யார்?

வயது ஒரு காரணம். ஆனால், வயது மட்டும் காரணமல்ல. செடி வளர வளர, மேலே புது இலைகள் வருகின்றன. கீழ் இலை நிழலில் சிக்குகிறது. பூச்சி கடித்த ஓட்டை, தூசு எல்லாம் சேர்கின்றன. அதே தழைச்சத்தை உச்சியில் வெயில் படும் புது இலையில் போட்டால் இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம் என்றால், செடி என்ன செய்யும்? பழைய கடையை மூடிவிட்டுச் சரக்கைப் புதுக் கடைக்கு மாற்றும்.

இது வெறும் உவமை அல்ல என்று காட்டிய ஓர் அழகான சோதனை இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியை வைத்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வீவரும் அமாசினோவும் செய்தது, 2001-ல் வெளிவந்தது. செடியின் ஓர் இலையை மட்டும் வெளிச்சம் படாமல் மூடினார்கள். அது சில நாட்களிலேயே மஞ்சளானது. இன்னொரு செடியை முழுவதுமாக இருட்டில் வைத்தார்கள். அதிலும் இலைகள் சீக்கிரம் பழுத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. முழுச் செடியும் இருட்டில் இருந்தபோது இலைகள் முதுமையடைவது தள்ளிப்போனது. சரக்கை அனுப்ப வேறு நல்ல இடம் இல்லாதபோது, செடி கடையை மூடுவதில்லை. ஓர் இலையின் தலையெழுத்து, பக்கத்து இலைகளின் நிலையையும் பொறுத்திருக்கிறது.

இந்தத் தகவல் எல்லாம் ஹார்மோன்கள் வழியே போகிறது. எத்திலீன் என்ற வாயு முதுமையை வேகப்படுத்தும். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதைக் கவனித்து, விளக்குக்காகப் பயன்பட்ட எரிவாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901-ல் சொன்னார். வாழைப்பழத்தைப் பழுக்கவைப்பதும் இதே எத்திலீன்தான். அதனால் கொத்தமல்லிக் கட்டையும் கீரையையும், பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ இருக்கும் கூடையில் வைக்காதீர்கள். பறித்த பிறகும் கீரை உயிருள்ள இலைதான். பக்கத்தில் பழம் பழுத்தால் கீரையும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

சைட்டோகைனின் என்பது எதிர்க்கட்சி. பெரும்பாலும் வேரிலிருந்து கிளம்பி மேலே வந்து, இலையை இளமையாக வைத்திருக்கும். பறித்த இலையில் இந்த வகை ஹார்மோனைக் கொடுத்தால் மஞ்சளாவது தள்ளிப்போகும் என்று 1957-லேயே தெரிந்துவிட்டது. மேலே சொன்ன அமாசினோ, 1995-ல் சூ ஷெங் கான் என்பவருடன் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். இலைக்கு முதுமை தொடங்கும் நேரம் பார்த்துத் தானாகவே சைட்டோகைனின் தயாரிக்கும் புகையிலைச் செடியை மரபணு மாற்றத்தில் உருவாக்கினார்கள். அதன் அடி இலைகளும் பழுக்காமல் பச்சையாகவே நின்றன.

பூப்பதும் காய்ப்பதும்தான் எல்லாவற்றிலும் பெரிய உத்தரவு. கீரை பூத்துவிட்டால் 'முற்றிப்போச்சு' என்கிறோம். நெல், கோதுமை, கொள்ளு, மூங்கில், வாழை எல்லாம் ஒரு முறை காய்த்துவிட்டு ஓயும் ரகங்கள். தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பிரம்மாண்டமாகப் பூத்து, காய்த்து, முடிந்துபோகும். துளசியில் கதிர் விட்டதும் கிள்ளிவிடச் சொல்லும் பாட்டிமார்களின் யோசனையில் அறிவியல் இருக்கிறது. விதைக்குப் போகும் வாய்க்காலை அடைத்தால் இலைக்குத் தண்ணீர் நிற்கும். புகையிலையில் இன்னொரு வேடிக்கை உண்டு. தண்டின் மேல்பகுதியை வெட்டிவிட்டால், கீழே மஞ்சளாகிவிட்ட இலை மறுபடி பச்சையாகிறது! ஒரு கட்டம் வரை, திரும்பிவரும் பாதையை இலை அடைத்துவிடுவதில்லை.

விழுவதற்கும் உயிர் வேண்டும்

புயலில் முறிந்து தொங்கும் மாங்கிளையைக் கவனியுங்கள். இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகி, வாரக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உயிருள்ள கிளையிலோ பழுத்த இலை லேசான காற்றுக்கே விழுந்துவிடும். காரணம், உதிர்வது என்பது ஒரு செயல். இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. நேரம் வந்ததும் அந்தச் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பசையைத் தாங்களே கரைக்கின்றன. மரத்தின் பக்கம் தக்கை போன்ற தழும்பு வளர்ந்து காயத்தை மூடுகிறது. முறிந்த கிளையில் இதைச் செய்ய உயிருள்ள செல்கள் மிச்சமில்லை. அதனால் இலையும் விழுவதில்லை.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. 1960-களில் பருத்திக் காய்களிலிருந்து ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தவர்கள், உதிர்வதற்கு அதுதான் காரணம் என்று நினைத்து, பின்னர் 'உதிர்வு' என்ற பொருள்படவே அப்சிசிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் உதிரவைப்பது எத்திலீன் என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

எல்லா இலையும் விழுவதில்லை என்பது நமக்குத் தெரியும். வாழை இலை மடிந்து தண்டோடு தொங்கும். பனை ஓலையும் காய்ந்து மரத்தைச் சுற்றித் தாடிபோல நிற்கும். தென்னை மட்டை அழகாகக் கழன்று, மரத்தில் வளையத் தழும்பை விட்டுவிட்டு விழும். நல்ல தென்னை மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டை விடும். தலையில் முப்பதுக்குக் குறையாமல் மட்டை இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு மட்டையின் ஆயுள் இரண்டரை, மூன்று வருடம். ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வெல்விட்சியா என்று ஒரு செடி. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவையும் உண்டு. முளைக்கும் காலத்து வித்திலைகளை விட்டுவிட்டால், வாழ்நாள் முழுக்க இரண்டே இலை! அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். நுனியில் காய்ந்துகொண்டே இருக்கும்.

காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று பழமொழி சொல்வோம். வயதானவர்களைக் கேலி செய்யும் இளசுகளுக்கான குட்டு அது. தாவரவியல்படி பார்த்தால் குருத்தோலை சிரிக்க இன்னும் கூச்சப்பட வேண்டும். அதன் உடம்பில் ஓடும் சத்தில் ஒரு பங்கு, காவோலை காய்வதற்கு முன் கொடுத்துவிட்டுப் போனது.

நம் ஊரில் இலையுதிர் காலம் குளிருக்கானதல்ல, வறட்சிக்கானது. தண்ணீர் தட்டுப்படும் நேரத்தில் இலை என்பது ஓட்டைக் குடம். ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விடும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மொட்டையாகும். புது இலை முளைக்கும் காலத்தில் பால் குறைவதால், வெட்டுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். மரத்தின் கவனம் அப்போது பாலில் இல்லை, இலையில்.

கதிருக்குப் போகும் பங்கு

நெல்லில் கடைசியாக வரும் இலையைக் கண்ணாடி இலை என்பார்கள் விவசாயிகள். கதிருக்கு மிக அருகில் நிற்பது அதுதான். பால் பிடிக்கும்போது மணிக்கு மாவைக் கொடுப்பதில் அதன் பங்கு பெரிது. பிறகு, பழுக்கும்போது தன் தழைச்சத்தையும் கதிருக்கே கொடுக்கிறது. அரிசியில் உள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு, கதிர் வந்த பின் வேர் புதிதாக எடுத்ததல்ல. முன்பே இலையிலும் தண்டிலும் சேர்ந்திருந்து இடம் மாறியது.

இங்கேதான் சிக்கல். இலை சீக்கிரம் பழுத்தால் மாவு குறைந்து மணி சாவியாகும். ரொம்ப நாள் பச்சையாகவே நின்றாலோ, சத்து இலையிலேயே தங்கிவிடும். 'பயிர் கருகருன்னு பச்சையா இருக்கு' என்று சந்தோஷப்பட்டுக் கடைசி நேரத்தில் யூரியாவை அள்ளிப்போடும் வயல்களில் பயிர் சாய்வதும், பூச்சி மொய்ப்பதும் இதன் இன்னொரு முகம். இலையின் பச்சையைப் பார்த்து உரம் போட, வேளாண் துறையினர் இலை வண்ண அட்டை என்று ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். அட்டையில் உள்ள பச்சை நிறப் பட்டைகளோடு வயல் இலையை ஒப்பிட்டு, அளவுக்கு மேல் வெளிறினால் மட்டும் உரம். விலை சொற்பம்.

கோதுமையில் நடந்த கதை இன்னும் கூர்மையானது. எம்மர் என்னும் காட்டுக் கோதுமையில், இலையைச் சீக்கிரம் பழுக்கவைத்துச் சத்தை மணிக்கு அனுப்பும் மரபணு ஒன்று இருப்பதை 2006-ல் கிறிஸ்டோபல் உவாய், ஜார்ஜ் டப்காவ்ஸ்கி குழுவினர் கண்டறிந்தார்கள். இன்று நாம் சாப்பிடும் கோதுமை ரகங்கள் பெரும்பாலானவற்றில் அது வேலை செய்வதில்லை. அந்த மரபணுவையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் சேர்த்து அடக்கிப் பார்த்தார்கள். இலை மூன்று வாரத்துக்கு மேல் கூடுதலாகப் பச்சையாக நின்றது. மணியில் புரதமும், துத்தநாகமும், இரும்பும் 30 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தன! வயல் செழிப்பாகத் தெரிகிறது. மாவில் சத்து இல்லை. ரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில், வயலின் பச்சையை மட்டும் பார்த்துக் கைதட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக, சீக்கிரம் பழுப்பதுதான் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. மானாவாரிச் சோளத்தில், கடைசிக் கட்ட வறட்சியிலும் இலை காயாமல் நிற்கும் ரகங்கள் விவசாயிக்குப் பெரிய வரம். தானியம் தப்பும், தட்டை பச்சையாக இருப்பதால் மாட்டுக்கும் நல்ல தீவனம். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் இப்படிப்பட்ட ரகங்களுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. எந்தப் பயிர், எந்த நிலம், எது தேவை என்பதைப் பொறுத்து இலையின் ஆயுளை நீட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது.

சரி, நம் தொட்டிக்கு வருவோம்

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதுதான் முதல் துப்பு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. இவற்றில் ஒன்று குறைந்தால், செடி அடி இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் குறை முதலில் கீழே தெரியும். இரும்பும் கால்சியமும் ஒருமுறை ஓர் இலையில் தங்கிவிட்டால் எளிதில் நகராது. அவற்றின் குறை உச்சித் தளிரில் தெரியும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு அடி இலை மட்டும் மஞ்சளாகி, உச்சியில் தளிர் நன்றாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அடி இலைகள் பலவும் ஒரே நேரத்தில் முழு மஞ்சளாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ கொடுங்கள். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். எப்சம் சால்ட்டுக்கு வேலை இங்கேதான். அதே கோலம் தளிரில் தெரிந்தால் இரும்பு. இட்லிப்பூச் செடியில் இது அடிக்கடி வரும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண் காரத்தன்மை ஏறியிருக்கும். இரும்பு மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பு உரக்கடையில் கிடைக்கும். அளவைக் கேட்டு வாங்கிக் குறைவாகவே பயன்படுத்துங்கள். முட்டை ஓடு கால்சியம் தரும். அதுவும் மெதுவாகத்தான் கரையும். அடி இலை மஞ்சளுக்கு அது மருந்தல்ல.

இலை மஞ்சளாகித் தளர்ந்து தொங்குகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் தண்ணீரை நிறுத்துங்கள். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கும். வேர் கெட்டால் சைட்டோகைனின் வரத்தும் குறையும். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதே உத்தமம்.

அரை மஞ்சளாக இருக்கும் இலையைக் கிள்ள வேண்டாம் என்பது இதனால்தான். சத்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. முழுக்கப் பழுத்து, தொட்டால் கையோடு வரும்போது எடுங்கள். தென்னை, பாக்கு, அலங்காரப் பனைகளில் சாம்பல்சத்துக் குறை இருக்கும்போது பழுக்கிற மட்டையை அழகுக்காக வெட்டிவிட்டால், மரம் அடுத்த மட்டையிலிருந்து எடுக்கத் தொடங்கும். மஞ்சள் மேலே ஏறும். புள்ளி நோய், கருகல், பூச்சி முட்டை உள்ள இலைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றை உடனே அகற்றித் தொட்டியிலிருந்து தூரப் போட்டுவிடுங்கள்.

கீழே விழுந்த நல்ல சருகில், செடியால் திருப்பி எடுக்க முடியாத கால்சியம் அப்படியே இருக்கிறது. மீதித் தழைச்சத்தும் கொஞ்சம் இருக்கும். குப்பை வண்டியில் போடாமல், கொளுத்தாமல், கையால் நொறுக்கி அதே தொட்டியில் இரண்டு விரல் கனத்துக்கு மண்ணின் மேல் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டுப் போட்டால் போதும். வெயில் காலத்தில் ஈரமும் நிற்கும்.